கோண்டாவில் ஒழுங்கைச் சைக்கிள் கடையும் என் வருடச் செலவும்

யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் பலாலி வீதியில் இருந்து உள்ளே இறங்கும் ஒரு ஒழுங்கையின் முடக்கில், தகரக் கொட்டிலுக்குள் நடக்கும் சைக்கிள் கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர்ப்பலகை கிடையாது. வேப்பங் கொப்பில் தொங்கும் பழைய ரயர்களும் வாசலில் இருக்கும் தண்ணீர்ச் சட்டியும்தான் அடையாளம். 2022ஆம் ஆண்டில் இருந்து என் சைக்கிளை இங்கேதான் திருத்துகிறேன். ரவுணில், அதாவது யாழ்ப்பாண நகரில், கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடையில் கணக்கு எழுதுவது என் வேலை. வீட்டிலும் கொப்பியில் வரவு செலவு எழுதுகிற பழக்கம் இருப்பதால் சைக்கிளுக்குப் போன காசு எல்லாம் எழுத்தில் இருக்கிறது. கீழே வரும் விலைகள் நான் கொடுத்தவை. கடைக்குக் கடை 50, 100 ரூபாய் கூடிக் குறையும்.

முதலில் சைக்கிளைச் சொல்ல வேண்டும். உள்ளூரில் செய்த லேடீஸ் சைக்கிள். 26 × 1⅜ அங்குல ரயர். முன்னுக்குப் பெடலோடு சுற்றும் பல்லுச் சக்கரமான செயின்வீலுக்கு 44 பல்லு, பின்னுக்குச் செயின் சுற்றும் பல்லுச் சக்கரமான பிறீவீலுக்கு 18 பல்லு, கியர் எதுவும் இல்லை. செயினை முழுதாக மூடும் கவர், முன்னுக்குக் கூடை, பின்னுக்குக் கரியர். 2022இல் பெற்றோல் லீட்டர் 470 ரூபாய்க்குப் போய், அதையும் வரிசையில் நின்று வாங்க வேண்டிய நிலை வந்தபோது ஸ்கூட்டியை ஓரத்தில் விட்டுவிட்டுப் பழைய சைக்கிளாக 24,000 ரூபாய்க்கு வாங்கினேன். அந்த மாதங்களில் பழைய சைக்கிள்களுக்கே அந்த விலைதான். பிறகு பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியது. நான் ஸ்கூட்டிக்குத் திரும்பவில்லை, அதை விற்றுவிட்டேன்.

யாழ்ப்பாணத்தில் வேலைக்குப் போய்வர ஒற்றைப் பிறீவீல் சைக்கிள் தாராளமாகப் போதும். ஏற்றம் என்று ஒன்று இங்கே இல்லை. கோண்டாவிலில் வெளிக்கிட்டுத் திருநெல்வேலிச் சந்தை, கந்தர்மடம் தாண்டி ரவுணுக்குள் போகும்வரை தரை ஒரே மட்டம். 44க்கு 18 என்றால் ஒரு முழு மிதிக்குச் சைக்கிள் ஏறக்குறைய 5 மீற்றர் போகும். காற்று இல்லாத காலையில் அது சரியான அளவு. சோளகம், அதாவது தென்மேல் காற்று, அடிக்கும் மாதங்கள்தான் வேறு கதை, அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கடை அண்ணை தொழில் பழகியது 1990களில். 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கி, பொருளாதாரத் தடை வந்து, பெற்றோல் இங்கே வராமல் போனது. இருந்த மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மற்றப்படி பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை, கலியாண வீடு, செத்த வீடு எல்லாம் சைக்கிளில்தான். கறண்ட் இல்லாத வீடுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்ட பிள்ளைகளில் நானும் ஒருத்தி. அந்தக் காலத்தில் சைக்கிள் கடையில் நின்றவர்கள், வராத சாமானை இருக்கிற சாமானில் இருந்து உண்டாக்கப் பழகினார்கள். பழைய ரியூப்பில் ஒட்டு வெட்டினார்கள், தேய்ந்த ரயருக்குள் இன்னொரு ரயர்த் துண்டை வைத்து ஓட்டினார்கள். அந்தக் கைப்பழக்கம் இன்றைக்கும் இந்தக் கொட்டிலுக்குள் இருக்கிறது. எதையும் தூக்கி எறிய முன்னம், திருத்த ஏலுமா என்று பார்க்கிற மனிதர்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பின் சில்லில் கறகற என்று சத்தம் வரத் தொடங்கியது. வேலை முடிந்து வரும் வழியில் ரவுணில் ஒரு பெரிய கடையில் காட்டினேன். சில்லைக் கழட்டாமலே, முழுச் சில்லும் மாற்ற வேண்டும், 6,500 ரூபாய் என்றார்கள். அடுத்த நாள் காலையில் இங்கே கொண்டுவந்தேன். அண்ணை பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துச் சில்லைச் சுழற்றிவிட்டு, கரியரில் கை வைத்து அதிர்வைப் பார்த்தார். பிறகு அச்சைப் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டினார்.

"தங்கச்சி, கோண் ஒண்டு பள்ளம் விழுந்து போச்சு. கப் நல்லா இருக்கு. கோணையும் போல்ஸையும் மாத்தினால் காணும். சில்லு மாத்தத் தேவையில்லை."

கோண் என்பது அச்சில் பூட்டும் கூம்புத் துண்டு, கப் என்பது அதைச் சுற்றி இருக்கும் கிண்ணம், இரண்டுக்கும் நடுவில் உருளும் குண்டுகள்தான் போல்ஸ். கோண் 200, போல்ஸ் 150, கூலி 350. ஆக 700 ரூபாய். பள்ளம் விழுந்த பழைய கோணைத் துடைத்து என் கையில் தந்தார். விரலால் தடவிப் பார்த்தேன், குழி தெரிந்தது. கழட்டிய சாமானைக் கையில் தருவது அவருடைய வழக்கம். நான் கேட்டு அவர் தந்ததில்லை. எல்லோருக்கும் தருகிறார். வேலை தொடங்க முன்னமே விலையைச் சொல்வதும் வழக்கம், உள்ளே வேறு பழுது தெரிந்தால் அப்படியே நிறுத்திவிட்டுப் போன் எடுத்துக் கேட்பார். செலவு கட்டுக்குள் இருப்பதற்கு இந்த இரண்டு பழக்கமும் எந்த மலிவு விலையை விடவும் உதவுகின்றன.

செயின் விசயத்தில் எனக்கு நேரடியாகக் காசு மிச்சம் பிடித்துத் தந்தவரும் இவர்தான். ஆணியும் அது சுழலும் துளையும் தேயத் தேயச் செயின் நீளும். நீண்ட செயின் பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறி நின்று பல்லைத் தின்னும். பிறகு பிறீவீலும் போய்விடும், விட்டால் முன்னுக்கு இருக்கும் செயின்வீலும் போகும். அண்ணை அளக்கிற முறையை யாரும் வீட்டில் செய்யலாம். ஒரு அடிமட்டம் போதும். இந்தச் சைக்கிள்களுக்கு வரும் செயினில் ஆணிக்கு ஆணி அரை அங்குலம். ஒரு ஆணியின் நடுவில் 0 வைத்தால், அங்கிருந்து 24ஆவது ஆணி புதுச் செயினில் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது 12⅛ அங்குலத்துக்கு வந்துவிட்டால் செயினை மாற்றிவிட வேண்டும். அந்த நேரத்தில் மாற்றினால் செலவு 1,100 ரூபாய். இன்னும் ஓடட்டும் என்று விட்டால் பிறீவீலுக்கு 950, செயின்வீலோடு சேர்ந்த கிறாங்குக்கு, அதாவது பெடல் தண்டுக்கு, அதற்கு மேல், கூலி வேறு. ஒழுங்கான நேரத்தில் மாற்றினால் ஒரு பிறீவீல் இரண்டு மூன்று செயினுக்கு ஈடு கொடுக்கிறது.

முழுக் கவர் போட்ட சைக்கிளில் ஒரு சிக்கல் உண்டு. செயின் கண்ணில் படாது, அதனால் யாரும் அதை நினைப்பதில்லை. கவரைக் கழட்ட மினக்கெட வேணும் என்று சில கடைகளில் திறந்தே பார்ப்பதில்லை. ஆனால் கவரை எடுத்து எறிந்துவிட்டு ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது, எறியாதீர்கள். எங்கள் ஒழுங்கைச் செம்மண் தூசியும் மாரியில் தெறிக்கும் சேறும் செயினுக்குப் போகாமல் காப்பது அதுதான். சேலை, பாவாடை கட்டி ஓட்டுகிறவர்களுக்கு அது பாதுகாப்பும் கூட.

சோளகம் பற்றிச் சொல்கிறேன் என்றேன். அம்மா அராலியில் இருக்கிறார். அவரைப் பார்க்கக் காக்கைதீவு, கல்லுண்டாய் வெளியால் போவேன். அந்த வெளியில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. வைகாசி தொடக்கம் ஆவணி வரை கடல்காற்று பக்கவாட்டில் அறையும். 18 பல்லோடு மிதித்தால் முழங்கால் நோகும். பிறீவீல் மாற்றும் காலம் வந்தபோது அண்ணையிடம் இதைச் சொன்னேன். 20 பல்லு போடுவோம் என்றார். கடையில் இருக்கவில்லை, எடுப்பித்துத் தந்தார். விலை அதே 950தான். ஒரு மிதிக்கு இப்போது நாலரை மீற்றர் அளவில் போகிறது, மட்டமான றோட்டில் கொஞ்சம் கூட மிதிக்க வேண்டும், காற்றில் முழங்கால் தப்புகிறது. பல்லுக் கூடியதால் பழைய செயின் கட்டையாக இருக்கும் என்று புதுச் செயினையும் அப்போதே போட்டுக்கொண்டோம், செயினும் முடிகிற நிலையில்தான் இருந்தது. கியர் இல்லாத சைக்கிளில் மிதியை இலகுவாக்கச் செலவு இவ்வளவுதான். 40 வயது தாண்டிய பெண்கள் நிறையப் பேர் மிதிக்கக் கஷ்டம் என்று சைக்கிளைச் சுவரில் சாத்தி வைத்திருப்பதைப் பார்க்கிறேன். அவர்கள் முதலில் பிறீவீலின் பல்லை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி ரயர். எங்கள் பக்கத்தில் செலவு அதிகம் வைப்பது இதுதான். வேலி அடைக்கிற காலத்தில் ஒழுங்கை முழுக்கக் கிளுவை முள்ளும் கருக்குமட்டைச் சிராயும் கிடக்கும். கரைப்புல்லில் நெருஞ்சி. ஒட்டுப்போட ஒன்றுக்கு 150 ரூபாய் எடுக்கிறார். வேறு இடங்களில் 100க்கும் போடுகிறார்கள். ஆனால் இங்கே ஒட்டும் முறையைப் பாருங்கள். ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைப் பிடித்து அடையாளம் வைக்கிறார். அங்கே நிறுத்தாமல் முழு ரியூப்பையும் சுற்றிப் பார்க்கிறார், ஏனென்றால் முள்ளு ஒரு பக்கம் குத்தி மறுபக்கமும் போயிருக்கலாம். ஈரம் துடைத்து, உரஞ்சி, சொலூஷன் பூசி, அது காயும்வரை பொறுத்து அதன் பிறகுதான் ஒட்டுகிறார். அந்த நேரத்தில் ரயரின் உள்பக்கத்தைத் துணியாலும் விரலாலும் தடவி முள்ளைத் தேடி எடுப்பார். இதைச் செய்யாத கடையில் ஒட்டினால் அதே முள்ளு அடுத்த நாள் புது ரியூப்பையும் குத்தும். 50 ரூபாய் கூடக் கொடுப்பது இந்தத் தடவலுக்குத்தான், அது முழுக்க நியாயமான காசு.

ரயருக்கு 2,200 ரூபாய் கொடுக்கிறேன். டி.எஸ்.ஐ. ரயர், இலங்கையில் செய்வது. இதைவிட 700, 800 ரூபாய் குறைந்த ரயர்களும் கடைகளில் கிடக்கின்றன. தொட்டுப் பார்த்தால் இறப்பர் மெல்லிசாக இருக்கும். ஒரு ரயரில் 700 மிச்சம் பிடித்து ஒட்டுக்கும் ரியூப்புக்கும் அதைவிடக் கூடக் கொட்டுவதில் பிரயோசனம் இல்லை. எனக்குப் பின் ரயர் ஒன்றரை வருடம் வருகிறது, முன் ரயர் அதன் இரண்டு மடங்கு. உடம்புப் பாரமும் கரியர்ச் சுமையும் பின்னுக்கு விழுவதால் அது கெதியாகத் தேயும். பின் ரயர் முடியும்போது முன் ரயரைப் பின்னுக்குப் போட்டுவிட்டுப் புதியதை முன்னுக்குப் போடச் சொல்கிறார் அண்ணை. திரும்புவதும் பிறேக் பிடிப்பதும் முன் சில்லை நம்பித்தான் என்பதால் நல்ல ரயர் அங்கே இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. நான் அப்படியே செய்கிறேன்.

காற்று வீட்டிலேயே அடிக்கிறேன். ஒரு கைப் பம் 1,500 ரூபாய்க்கு வாங்கினேன், அது வேறு எந்தச் சாமானையும் விடப் பெறுமதியானது. எவ்வளவு காற்று என்பது ரயரின் பக்கத்தில் அச்சடித்தே இருக்கும். காற்றுக் குறைந்த ரயரில் ஓடினால் றிம்முக்கும் றோட்டுக்கும் நடுவில் ரியூப் நசிந்து இரண்டு பக்கமும் வெட்டும், அது ஒட்டுக்கு அடங்காது, புது ரியூப் 850 ரூபாய். இன்னொன்று, காற்று மெல்லமாகக் குறைந்தால் ஓட்டை என்று முடிவெடுக்க வேண்டாம். காற்று அடிக்கும் வால்கட்டைக்குள் இருக்கும் சின்ன இறப்பர்க் குழாய் இங்கத்தை வெய்யிலுக்கு வெடித்துப் போகும். அண்ணை அதற்கு 20 ரூபாய் எடுப்பார், தெரிந்தவர்களிடம் சில வேளை அதுவும் எடுக்க மாட்டார்.

பிறேக் விசயத்தில்தான் இந்தக் கடையோடு எனக்குத் திருப்தி இல்லை, அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். என்னுடையது வயர் பிறேக். கடையில் வைத்திருக்கும் பிறேக் கட்டை ஒரு சோடி 80 ரூபாய். கல்லுப் போன்ற இறப்பர், பிடித்தால் கீச்சிடும், மழையில் பிடிக்கவே பிடிக்காது. முன்னுக்கும் பின்னுக்குமாக 350 ரூபாய்க்கு மெதுவான இறப்பர்க் கட்டை ரவுணில் கிடைக்கிறது. அதை எடுத்து வையுங்கோ என்று பல தரம் சொல்லிவிட்டேன்.

"ஆர் தங்கச்சி 350 குடுத்து வாங்கப் போகினம்? எல்லாரும் மலிவைத்தான் கேக்கினம்."

அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. இங்கே வருகிறவர்களில் தோட்டம் செய்கிறவர்கள், மேசன் வேலைக்குப் போகிறவர்கள், டியூசனுக்குப் போகும் பிள்ளைகள்தான் கூட. ஆனாலும் சைக்கிளில் உயிரைக் காக்கும் சாமான் அதுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் திருநெல்வேலிச் சந்தைக்கு முன்னால் ஓட்டோ ஒன்று குறுக்கே திரும்பும்போது அந்த 190 ரூபாய் வித்தியாசத்தை யாரும் பெரிதாக நினைக்க மாட்டார்கள். கட்டையை நான் ரவுணில் வாங்கி வந்து கொடுக்கிறேன், கூலி வாங்காமல் பூட்டித் தருகிறார். இரும்பு றிம் போட்ட எல்லாச் சைக்கிளுக்கும் மழையில் ஒரு குறை உண்டு. ஈரமான இரும்பில் இறப்பர் வழுக்கும். முதலில் மெல்லமாக ஒரு பிடி பிடித்துத் தண்ணீரை வழித்துவிட்டு, பிறகுதான் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறேக் வயரும் நுனியில் கறள் பிடித்து இழை இழையாக அறும். ஒரு இழை அறுந்தாலே மாற்றிவிடுங்கள். வயர் ஒன்று 150 ரூபாய்.

ஓயிலிலும் எனக்கும் அவருக்கும் ஒத்துப் போகாது. மோட்டார் சைக்கிளில் இருந்து வடித்த கழிவு ஓயிலைத்தான் அவர் எல்லாச் செயினுக்கும் ஊற்றுகிறார். காசு இல்லாத ஓயில் என்பது சரி. ஆனால் அதற்குள் கரியும் நுண்ணிய இரும்புத் தூளும் இருக்கிறது, அது செயினைத் தேய்க்கும். தேங்காய் எண்ணெய் விடுகிற வீடுகளும் உண்டு, அது தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். நான் செயினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, காயவிட்டு, புது ஓயில் ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, மேலால் வழிவதைத் துடைத்துவிடுகிறேன். சின்னப் போத்தல் 250 ரூபாய், வருடம் முழுக்க வரும். "என்ர சைக்கிளுக்கு அந்த ஓயில் வேண்டாம் அண்ணை" என்று சொன்னால் முகம் சுளிக்காமல் விட்டுவிடுகிறார்.

அவருடைய திறமை முழுதாகத் தெரிவது மாரி முடிந்து தை மாதத்தில் செய்யும் வேலையில். சைக்கிளை முழுதாகக் கழட்டிப் பூட்டுவது. காலையில் விட்டால் அடுத்த நாள் பின்னேரம் எடுக்கலாம். முன் சில்லு, பின் சில்லு, கிறாங்கு அச்சு, ஹாண்டில் கழுத்து நான்கையும் திறந்து, பழைய கிறீஸை மண்ணெண்ணெயில் கழுவி, போல்ஸ் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு, புதுக் கிறீஸ் அடைத்துப் பூட்டுகிறார். பின் சில்லில் பக்கத்துக்கு 9 கால் அங்குலப் போல்ஸ். முன் சில்லில் பக்கத்துக்கு 10, அவை சின்னன், 3/16 அங்குலம். மழைத்தண்ணீர் உள்ளே போயிருந்தால் கிறீஸ் பால் தேத்தண்ணி நிறத்தில் வெளியே வரும். அதை அப்படியே விட்டால் அடுத்த மாரிக்குள் கோணும் கப்பும் குழி விழும். போல்ஸுக்கும் கிறீஸுக்கும் 450, கூலி 2,000. கூலி கூட என்று சிலர் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். ஒரு நாள் முழுக்கக் குந்தியிருந்து செய்யும் வேலை. மேசனுக்கு, தச்சனுக்கு இங்கே என்ன நாட்கூலி கொடுக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் இது குறைவு.

அதே வேலையோடு சில்லின் நெளிவும் எடுத்துத் தருவார். கம்பி ஒவ்வொன்றையும் விரலால் தட்டிச் சத்தத்தில் இறுக்கத்தைக் கண்டுபிடிக்கிறார். ஒரு கம்பி அறுந்தால் 50 ரூபாய்தான், ஆனால் அறுந்த கம்பியோடு ஓடினால் பக்கத்துக் கம்பிகளும் பாரம் தாங்காமல் அறும். பின் சில்லில் செயின் பக்கத்துக் கம்பி என்றால் பிறீவீலைக் கழட்டினால்தான் புதுக் கம்பி கோர்க்க முடியும், பிறீவீலோ மிதிக்க மிதிக்க இறுகிக்கொண்டே போகும் சாமான், சாமானை இறுக்கிப் பிடிக்கும் வைஸில் பூட்டித்தான் திருப்ப வேண்டும். ஆகவே அது வீட்டில் செய்யும் வேலை இல்லை. வீட்டில் செய்யக் கூடியவை காற்று, ஓயில், பிறேக் கட்டை, செயின் இறுக்கம் இவ்வளவுதான். செயினை நடுவில் மேலும் கீழும் ஆட்டினால் அரை அங்குலம் அளவு ஆட வேண்டும். கூடினால் கழரும், குறைந்தால் போல்ஸுக்குக் கேடு.

உப்புக்காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் போய்வருகிறவர்கள், என்னைப் போலக் கல்லுண்டாயால் போகிறவர்கள், வீட்டுக்கு வந்ததும் சைக்கிளை ஈரத் துணியால் துடைத்துப் பிறகு உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். குறிப்பாக றிம்மும் கம்பியும் சேரும் இடம். அங்கேதான் கறள் முதலில் பிடிக்கும். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

இனி வருடக் கணக்கு. கழட்டிப் பூட்டுவதற்கு 2,450. சராசரியாக வருடத்துக்கு ஒரு ரயர் 2,200. ரியூப் ஒன்று 850. செயின் ஒன்றரை வருடத்துக்கு ஒன்று என்பதால் வருடத்துக்கு 700 என்று வைக்கிறேன், பிறீவீல் நாலு வருடத்தில் பிரித்தால் 250. பிறேக் கட்டை இரண்டு தரம் 700. ஒட்டுக்கு 600 வரையில். ஓயில், பிறேக் வயர் 400. மொத்தம் 8,150 ரூபாய். மாதத்துக்கு 700 ரூபாய் கூட வரவில்லை.

ஸ்கூட்டி ஓடிய காலத்தோடு ஒப்பிட்டால், பெற்றோல் லீட்டர் 300 ரூபாய் என்று வைத்தாலும் இதே தூரத்துக்கு மாதம் 2,000 ரூபாய்க்கு மேல் பெற்றோலுக்கே போகும். வருட லைசென்ஸ், இன்சூரன்ஸ், புகைப் பரிசோதனை, சேர்விஸ் தனி. மகனிடம் கியர்ச் சைக்கிள் இருக்கிறது. பார்க்க வடிவு, வேகமும் உண்டு. ஆனால் கியர் மாற்றும் வயரும், பின்னுக்குத் தொங்கும் கியர்ப்பகுதியும், மெல்லிய செயினும் தூசிக்கும் உப்புக்கும் கெதியாக முடங்கும், தேயும் நேரத்தில் செயினோடு பல்லுக் கட்டு முழுவதும் மாறும். அவனுடைய சைக்கிளுக்குப் போகும் காசை என்னுடையதோடு ஒப்பிட எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவு கூட. என் சைக்கிளில் எந்தச் சாமானும் தனித்தனியாக மாறும். லுமாலாச் சைக்கிளோ பழைய றலிச் சைக்கிளோ, 26 × 1⅜ சில்லு என்றால் ரயரும் ரியூப்பும் சுன்னாகத்திலும் கிடைக்கும், சாவகச்சேரியிலும் கிடைக்கும், பருத்தித்துறையிலும் கிடைக்கும்.

கடைக்குப் போக நினைக்கிறவர்களுக்குச் சில விசயங்கள். காலை ஏழரைக்குத் திறக்கிறார். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பூட்டி மூன்று மணிக்குப் பிறகு வருவார். ஊர்க் கோயில் திருவிழா நாட்களில் கடை இல்லை. பள்ளிக்கூடம் தொடங்க முந்திய நேரத்தில் பிள்ளைகளின் சைக்கிள் வரிசையாக நிற்கும், அப்போது போனால் உங்களை நிற்க வைத்துவிட்டு அவர்களுக்குத்தான் முதலில் ஒட்டுப்போடுவார். அது சரியும்தான், பிந்தினால் பள்ளிக்கூட வாசலில் நிற்க வேண்டியது அவர்கள். பின்னேரம் நாலு மணி நல்ல நேரம். பற்றுச்சீட்டு தரமாட்டார், அலுவலகத்தில் காட்டிக் காசு எடுக்க நினைப்பவர்களுக்கு உதவாது. கார்ட் இல்லை, காசுதான். நேரம் சொல்லிக் கேட்டால் "பின்னேரம் வாங்கோ" என்பார், அது இருட்டும் நேரமாகவும் இருக்கலாம். அவசரக்காரர்கள் முதல் நாள் இரவே விட்டுவிட்டு வருவது நல்லது, உள்ளே வைத்துப் பூட்டுவார். பெண்கள் தனியாக நின்று திருத்துவிக்கத் தயங்கத் தேவையில்லாத இடம். வாங்கு ஒன்று போட்டிருக்கிறார், நிழல் இருக்கிறது. என்ன பழுது என்று கேட்டால் காட்டி விளங்கப்படுத்துவார், உங்களுக்கு இதெல்லாம் விளங்காது என்று ஒதுக்கி அனுப்பும் பழக்கம் அவரிடம் இல்லை.

இந்த முறை மாரிக்கு முன்னம் இரண்டு சில்லுக்கும் அலுமினிய றிம் போடுவதென்று முடிவெடுத்திருக்கிறேன். மழையில் இரும்பு றிம்மை விட அதில் பிறேக் நன்றாகப் பிடிக்கும், கறளும் பிடிக்காது. சில்லின் நடுவில் இருக்கும் பழைய அச்சுக் கூடுகள் நல்லாக இருப்பதால் றிம்மையும் கம்பியையும் மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். என்னுடையதில் சில்லுக்கு 36 கம்பி, புது றிம்மிலும் அதே 36 ஓட்டை இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து வாங்கச் சொன்னார். றிம் ஒன்று 3,500 சொல்கிறார்கள், கம்பிக்கும் கோர்ப்பதற்கும் சில்லுக்கு 2,000. ஆக 11,000 ரூபாய். ஒரேயடியாகப் பெரிய காசு என்பதால் முன் சில்லைப் புரட்டாதியிலும் பின் சில்லைத் தையில் கழட்டிப் பூட்டும்போதும் செய்வதாகப் பேசிக்கொண்டோம். முன் சில்லுக்கான றிம்மை வாங்கிக் கொடுத்துவிட்டேன்.